பக்கத்து செல்லோடு நேரடித் தொடர்பு: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் இதயத் துடிப்பைப் பற்றி எழுதும்போது 'இடைவெளிச் சந்திப்பு' என்ற சொல்லை ஒரே வரியில் கடந்துபோனோம். கல்லூரியில் கேப் ஜங்ஷன் என்பார்களே, அதுதான். அடுத்தடுத்து இருக்கும் விலங்கு செல்கள் ஹார்மோனோ நரம்போ இல்லாமல் நேரடியாகப் பொருள் பரிமாறிக்கொள்ளும் வழி. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கேள்விகளுக்கே இம்முறை பக்கங்களை ஒதுக்கியிருக்கிறோம்.

*

பாடப் புத்தகத்தில் 'இரண்டு செல்களின் சைட்டோபிளாசத்தை இணைக்கும் துளை' என்று ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. துளை இருந்தால் இரண்டு செல்லும் கலந்து ஒன்றாகிவிடாதா?
– பிளஸ் ஒன் மாணவி, தேனி

கலந்துவிடாது. காரணம், அந்தத் துளையின் அளவு. இன்னொரு காரணம், அது தேவைப்பட்டால் மூடிக்கொள்ளும்.

கனெக்சின் என்றொரு புரதம். செல் சவ்வை நான்கு தடவை ஊடுருவிப் போய்வரும். இரண்டு நுனிகளும் செல்லின் உள்பக்கமே நிற்க, வெளிப்பக்கம் இரண்டு வளையங்கள் நீட்டிக்கொண்டிருக்கும். இப்படி ஆறு கனெக்சின்கள் வட்டமாக நின்றால் நடுவே ஒரு புழை உண்டாகிறது. ஆறும் சேர்ந்ததற்குப் பெயர் கனெக்சான். இது பாதிக் குழாய்தான். மீதிப் பாதியைப் பக்கத்து செல் தன் சவ்வில் கட்டிக்கொண்டு வர வேண்டும். ரயிலில் ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்குப் போகும் கூண்டு வழியில், ஒவ்வொரு பெட்டியும் தன் பாதியைக் கொண்டுவந்து முட்டிப் பொருத்தினால்தான் வழி முழுமையாகும். இங்கும் அப்படியே. வெளிப்பக்க வளையங்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்வதால், உள்ளே போகும் பொருள் வழியில் வெளியே கசிவதில்லை.

சாதாரணமாக இரண்டு செல் சவ்வுகளுக்கு நடுவே 20 நானோமீட்டர் அளவுக்கு இடம் இருக்கும். இந்தச் சந்திப்பு உள்ள இடத்தில் மட்டும் அது 2 முதல் 4 நானோமீட்டராக ஒடுங்குகிறது. பெயரில் உள்ள 'இடைவெளி' இதுதான். குழாயின் உள்விட்டம் இன்னும் சிறியது. கனெக்சின் 26-இன் படிக அமைப்பு 2009-இல் வெளிவந்தபோது, அதன் மிகக் குறுகிய இடம் சுமார் 1.4 நானோமீட்டர் என்று தெரிந்தது.

இந்த அளவை வைத்தே எது போகும், எது போகாது என்று சொல்லிவிடலாம். சுமார் 1,000 டால்டன் (மூலக்கூறுகளின் எடையைச் சொல்லும் அலகு) வரை எடையுள்ள மூலக்கூறுகளுக்கு வழி உண்டு. பொட்டாசியம் அயனி 39, குளுக்கோஸ் 180, குளுட்டத்தயோன் 307, செல்லுக்குள் செய்தி சொல்லும் சைக்ளிக் ஏ.எம்.பி. 329, செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. 507: இவையெல்லாம் போகும். இன்சுலின் சிறிய புரதம்தான், ஆனாலும் 5,800 டால்டன், நுழையாது. மற்ற புரதங்களும், டி.என்.ஏ.வும், தூது ஆர்.என்.ஏ.வும் அவரவர் செல்லிலேயே தங்கிவிடும். ஆக, எரிபொருளும் அயனிகளும் சிறு சமிக்ஞை மூலக்கூறுகளும் பொது. மரபணுவும் புரதமும் தனி.

இனி மூடுவதைப் பற்றி. தேர்வுக்கு இது வராது என்று விட்டுவிடாதீர்கள், எங்கள் பார்வையில் இந்தச் சந்திப்பின் மிக நுட்பமான பகுதி இதுதான். செல்லுக்கு வெளியே உள்ள கால்சியம், உள்ளே இருப்பதைப்போல் பத்தாயிரம் மடங்குக்கு மேல். ஒரு செல்லின் சவ்வு கிழிந்தால் கால்சியம் உள்ளே பாய்கிறது, அமிலத்தன்மையும் ஏறுகிறது. இரண்டுமே கனெக்சான்களை மூடவைக்கும். அடிபட்ட செல் சாகும், ஆனால் அதன் சாவு பக்கத்து செல்களுக்குப் பரவாமல் அங்கேயே நின்றுவிடும். வெட்டுப்பட்ட இதயத் தசையில் காயம் ஓர் எல்லையோடு நின்றுபோவதை எங்கெல்மான் 1877-லேயே கவனித்தார். அதற்கான காரணம் புரிய நூறாண்டு பிடித்தது.

பெயரில் வரும் எண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். கனெக்சின் 43 என்றால் ஏறக்குறைய 43 கிலோடால்டன் எடையுள்ள கனெக்சின். மனிதரில் இப்படி 21 வகைக்கு மரபணுக்கள் உண்டு. ஒருமுறை கட்டியதோடு வேலை முடிவதில்லை. கனெக்சின் 43-இன் அரை ஆயுள், அதாவது இருப்பதில் பாதி அழிய ஆகும் நேரம், சில மணி நேரம்தான். நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் குழாய்கள் திட்டாகக் கூடியிருக்கும். அந்தத் திட்டின் ஓரத்தில் புதியவை வந்து சேர்ந்துகொண்டும், நடுவிலிருந்து பழையவை கழற்றப்பட்டுக்கொண்டும் இருக்கும்.

*

தாவரங்களில் உள்ள பிளாஸ்மோடெஸ்மாவும் இதுவும் ஒன்றா?
– வேளாண் கல்லூரி மாணவர், கிள்ளிகுளம்

வேலை கிட்டத்தட்ட ஒன்று, கட்டுமானம் வேறு. பிளாஸ்மோடெஸ்மாவில் புரதக் குழாய் கிடையாது. இரு செல்களின் சவ்வே செல் சுவரைத் துளைத்துத் தொடர்ச்சியாகப் போகிறது, நடுவே எண்டோபிளாச வலையின் இழை ஒன்றும் ஓடுகிறது. அது விரிந்தும் கொடுக்கும். பயிரைத் தாக்கும் வைரஸ்கள் தங்களுக்கென ஒரு புரதத்தை வைத்து அந்த வழியை அகலமாக்கி, செல்லுக்குச் செல் பரவுகின்றன. விலங்கு செல்லின் கனெக்சான் வழியே ஒரு வைரஸ் நுழைய முடியாது. பூச்சிகளிலும் இந்தச் சந்திப்பு உண்டு. அங்கே அதைக் கட்டுவது இன்னெக்சின் என்ற வேறு புரதக் குடும்பம்.

*

இதயத்தின் ஒவ்வொரு செல்லுக்கும் நரம்பு போகிறதா? இல்லையென்றால் எல்லாம் சேர்ந்து சுருங்குவது எப்படி? மாரடைப்புக்குப் பிறகு துடிப்பு தடுமாறுவதற்கும் இந்தச் சந்திப்புக்கும் தொடர்பு உண்டா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருவாரூர்

போவதில்லை. மாற்று இதயம் பொருத்தும்போது நரம்புகள் எல்லாம் வெட்டுப்பட்டுத்தான் வருகின்றன; இருந்தும் அந்த இதயம் துடிக்கிறது. நரம்பு வேகத்தைக் கூட்டும், குறைக்கும். துடிப்பைப் பரப்புவது செல்களே.

வலது மேலறையில் உள்ள சைனஸ் கணு தானாகத் துடிப்பை எழுப்புகிறது. ஒரு செல்லுக்குள் சோடியம் அயனிகள் பாய்ந்ததும் அதன் உட்புறம் நேர்மின்னாகிறது. அந்த மின்னோட்டம் இடைவெளிச் சந்திப்பு வழியாக அடுத்த செல்லுக்குள் கசிந்து, அங்கேயும் சோடியம் வாயில்களைத் திறந்துவிடும் அளவை எட்டுகிறது. அது அடுத்ததைத் தூண்டுகிறது. தசை செல்கள் முனையோடு முனை சேரும் இடத்தில் இடைத்தட்டு என்றொரு பகுதி உண்டு; சந்திப்புகள் பெரும்பாலும் அங்கேதான் குவிந்திருக்கும். அதனால்தான் கீழறைத் தசையில் துடிப்பு நார் ஓடும் திசையில் வேகமாகவும், குறுக்கே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வேகத்திலும் போகிறது.

எல்லா இடத்திலும் ஒரே வேகம் இருந்தால் இதயம் பயன்படாது. கீழறைகளுக்குத் துடிப்பைக் கொண்டுபோகும் பர்கின்ஜி இழைகளில் நொடிக்கு 2 முதல் 4 மீட்டர் வேகம். மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள ஏ.வி. கணுவில் நொடிக்கு 5 சென்டிமீட்டர்தான். அங்கே செல்கள் சிறியவை, சந்திப்புகள் குறைவு, இருப்பதும் மின்னோட்டத்தைக் குறைவாகக் கடத்தும் கனெக்சின் 45 வகை. இதனால் துடிப்பு அங்கே பத்தில் ஒரு நொடி அளவுக்குத் தாமதிக்கிறது. அந்த அவகாசத்தில்தான் மேலறை சுருங்கி ரத்தத்தைக் கீழறையில் நிரப்பி முடிக்கிறது. சந்திப்புகள் அதிகம் இருப்பது நல்லது, குறைவாக இருப்பது கெடுதல் என்ற எண்ணம் ஏ.வி. கணுவைப் பார்த்தால் போய்விடும்.

மாரடைப்புக்கு வருவோம். ரத்தம் போகாத பகுதியில் ஏ.டி.பி. தீர்ந்து, அமிலம் சேர்ந்து, கால்சியம் ஏறுகிறது. கால் மணி நேரம் தாண்டும்போது அங்குள்ள சந்திப்புகள் மூடத் தொடங்குகின்றன. பக்கத்துத் தசையைக் காப்பாற்றும் அதே மூடல், துடிப்பின் பாதையில் மேடுபள்ளத்தை உண்டாக்குகிறது. ஓரிடத்தில் துடிப்பு தடைபட்டுச் சுற்றுவழியில் திரும்பி வந்து, முன்பே சுருங்கி ஓய்ந்த தசையை மறுபடி தூண்டினால், சுழல் துடிப்பு ஆரம்பமாகிவிடும். ஆறிய தழும்பின் ஓரத்திலும் இந்த ஆபத்து மிச்சம் இருக்கிறது. நாயின் கீழறைத் தசையில் எண்ணிப் பார்த்தார்கள்: நல்ல தசையில் ஒரு செல் சராசரியாக 11 செல்களோடு சந்திப்பு வைத்திருந்தது, தழும்பின் ஓரத்தில் அது ஆறு ஏழாகக் குறைந்திருந்தது. கனெக்சின் 43-உம் முனைகளை விட்டுப் பக்கவாட்டுக்குச் சிதறிவிடுகிறது.

மூடிய சந்திப்பைத் திறக்கும் மருந்து கொடுத்தால் சரியாகாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். டானெகாப்டைட் என்ற மருந்தை, அடைப்பு நீக்கும் சிகிச்சையின்போது மாரடைப்பு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2018-இல் வெளியான முடிவில் தசையைக் காப்பாற்றுவதில் பலன் தெரியவில்லை. ஆகவே இப்போதைக்கு நடைமுறை ஒன்றுதான்: மாரடைப்பு வந்து தேறியவருக்குப் படபடப்போ, கண் இருட்டலோ, மயக்கமோ வந்தால், 'வாயுவாக இருக்கும்' என்று உட்கார்ந்துவிடாமல் அன்றே இதய மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

*

இதைக் கண்டுபிடித்தவர் யார்?
– கல்லூரி மாணவர், நாகர்கோவில்

ஒருவர் பெயரைச் சொல்ல முடியாது. எட்வின் ஃபர்ஷ்பானும் டேவிட் பாட்டரும் லண்டனில், நன்னீர் இறால் வகையான கிரேஃபிஷின் பெரிய நரம்பில் மின்முனை செருகிப் பார்த்தார்கள். நரம்புச் செய்தி எப்போதும் ரசாயனமாகத்தான் கடக்கும் என்று நம்பிய காலம் அது. அவர்கள் பார்த்த இணைப்பில் மின்னோட்டமே நேராகக் கடந்தது, அதுவும் ஒரு திசையில் மட்டும் எளிதாக. 1957-இல் சுருக்கமாகவும் 1959-இல் விரிவாகவும் எழுதினார்கள். வாலைச் சுண்டித் தப்பிக்கும் பிராணிக்கு அரை மில்லிநொடித் தாமதம்கூடப் பெரிது.

1964-இல் லோவன்ஸ்டைனும் கன்னோவும் பழ ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பியில் ஒரு செல்லுக்குள் ஒளிரும் சாயத்தைச் செலுத்தினார்கள். பக்கத்து செல்களும் ஒளிர்ந்தன. நரம்பே அல்லாத செல்களும் இணைந்திருக்கின்றன என்பது அதில் உறுதியானது. 1967-இல் ரெவலும் கார்னாவ்ஸ்கியும் எலியின் இதயத்திலும் கல்லீரலிலும் சவ்வுகளுக்கு நடுவே லாந்தனம் என்ற உலோகத்தின் கரைசலை ஊறவைத்து எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். மெல்லிய இடைவெளியும், அதற்குள் அறுகோண வரிசையில் அடுக்கிய துகள்களும் தெளிவாகத் தெரிந்தன. அந்தத் துகள் ஒவ்வொன்றும்தான் இன்று நாம் சொல்லும் குழாய்.

*

இரண்டு வயது மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்கவில்லை. மரபணுப் பரிசோதனை அறிக்கையில் 'ஜிஜேபி2, டபிள்யூ24எக்ஸ், இரண்டு பிரதியிலும்' என்று இருக்கிறது. எங்களுடையது அத்தை மகன் – மாமன் மகள் திருமணம். இரண்டு வீட்டிலும் யாருக்கும் இந்தக் குறை இல்லை. அடுத்த குழந்தைக்கும் இப்படி ஆகுமா?
– வாசகி, திண்டுக்கல்

முதலில் அறிக்கையைப் படித்துவிடுவோம். ஜிஜேபி2 என்பது கனெக்சின் 26 புரதத்துக்கான மரபணு. அந்தப் புரதத்தில் மொத்தம் 226 அமினோ அமிலங்கள். 24-ஆவது இடத்தில் டிரிப்டோஃபேன் வர வேண்டும். அதன் குறி டபிள்யூ. உங்கள் மகளிடம் அந்த இடத்தில் 'நிறுத்து' என்ற கட்டளை வந்துவிட்டது. எக்ஸ் அதைத்தான் சொல்கிறது. 23 அமினோ அமிலங்களோடு கட்டுமானம் நின்றுபோவதால் குழாய் உருவாகவே இல்லை.

உட்காதில் ஒலியை உணரும் மயிர்செல்களுக்குள் பொட்டாசியம் பாய்ந்தால்தான் கேட்கும். பாய்ந்த பொட்டாசியத்தைத் தாங்கு செல்கள் வாங்கி, இடைவெளிச் சந்திப்பு வழியே கைமாற்றி, உட்காது நீருக்கே திருப்பி அனுப்புகின்றன. கனெக்சின் 26-உம் 30-உம் அங்கே முக்கியம். குழந்தையின் காக்ளியா (உட்காதில் நத்தைக்கூடு போன்ற பகுதி) கருவில் சரியாக வளரவும் கனெக்சின் 26 தேவை என்று எலிகளில் தெரிகிறது. கவனியுங்கள்: செவி நரம்பு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அதனால்தான் இந்தக் காரணத்தால் காது கேளாத குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்பிளான்ட் (செவி நரம்பை நேராகத் தூண்டும் கருவி) நல்ல பலன் தருகிறது.

இனி உங்கள் கேள்வி. நீங்கள் இருவரும் ஒரு நல்ல பிரதியும் ஒரு பழுதான பிரதியும் வைத்திருக்கிறீர்கள். ஒரு நல்ல பிரதி போதும் என்பதால் உங்கள் காதில் குறையில்லை. வீட்டில் யாருக்கும் தெரியாமல் தலைமுறை தலைமுறையாக வந்திருக்கும். ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு இரண்டு பழுதும் சேர 25 சதவீத வாய்ப்பு, ஒன்று மட்டும் வர 50 சதவீதம், எதுவுமே வராமலிருக்க 25 சதவீதம். முதல் குழந்தைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்றுக்கு வராது என்று சிலர் கணக்குச் சொல்வார்கள், அது தவறு. ஒவ்வொரு தடவையும் அதே 25.

அத்தை, மாமன் பிள்ளைகள் மரபணுவில் எட்டில் ஒரு பங்கைப் பொதுவாகக் கொண்டவர்கள். தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் அது நான்கில் ஒரு பங்கு. ஒரே தாத்தா பாட்டியிடமிருந்து வந்த பழுது இரு பக்கமும் சந்திக்கும் வாய்ப்பு அதனால் கூடுகிறது. இந்தியாவில் இந்த மரபணுவில் அதிகம் காணப்படும் மாற்றமும் இந்த டபிள்யூ24எக்ஸ்தான். யார் மீதும் பழி போட இதில் ஒன்றுமில்லை. கர்ப்ப காலத்தில் நீங்கள் சாப்பிட்டதோ, பார்த்ததோ, கிரகணமோ காரணமில்லை.

செய்ய வேண்டியவை: நீங்கள் இருவரும் அதே மாற்றத்துக்கு மட்டும் பரிசோதித்து உறுதி செய்துகொள்ளுங்கள், தெரிந்த மாற்றம் என்பதால் முழு மரபணுப் பரிசோதனை அளவுக்குச் செலவாகாது. அடுத்த கர்ப்பம் வேண்டுமென்றால் அதற்கு முன்பே மரபியல் ஆலோசகரைப் பாருங்கள். விரும்பினால் 11 – 13 வாரத்தில் நஞ்சுக்கொடித் திசுவிலோ, 16 வாரம் வாக்கில் பனிக்குட நீரிலோ, பதிவு பெற்ற மையத்தில் சோதிக்கலாம். சோதிப்பதா வேண்டாமா என்பது உங்கள் இருவரின் முடிவு. சோதிக்காவிட்டாலும் பிறந்ததும் ஓ.ஏ.இ., பெரா என்ற கேட்டல் சோதனைகளைத் தள்ளிப்போடாதீர்கள்: ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும்.

மூத்தவளுக்கு இப்போது இரண்டு வயது என்பதுதான் எங்களுக்குக் கவலை. பேச்சு மொழி மூளையில் பதியும் காலம் ஓடிக்கொண்டிருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்பிளான்டுக்கு இடமுண்டு, வயது வரம்பும் உண்டு. இந்த வாரமே அரசு மருத்துவக் கல்லூரியின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போங்கள். அறுவைக்குப் பிறகு கேட்டல், பேச்சுப் பயிற்சி வருடக்கணக்கில் வேண்டும். அதை இடையில் விட்டால் கருவி இருந்தும் பயன் குறையும்.

*

சோதனைக் குழாய்ச் சிகிச்சையில் கடைசி ஊசியை இரவு இத்தனை மணிக்குத்தான் போட வேண்டும் என்று நிமிடக் கணக்கில் சொல்கிறார்கள். ஏன் அவ்வளவு கண்டிப்பு?
– வாசகி, கோவை

இதிலும் இடைவெளிச் சந்திப்புக்குப் பங்கு உண்டு. சினைமுட்டையைச் சுற்றி குமுலஸ் செல்கள் அடுக்காக இருக்கும். முட்டைக்கு வெளியே தடித்த உறை இருப்பதால், அவை மெல்லிய நீட்சிகளை அந்த உறைக்குள் செலுத்தி முட்டையைத் தொடுகின்றன. தொடும் இடத்தில் சந்திப்புகள். முட்டை குளுக்கோஸைச் சரியாகப் பயன்படுத்தாது. குமுலஸ் செல்கள் அதைப் பைருவேட்டாக மாற்றிக் கொடுக்கின்றன. கனெக்சின் 37 இல்லாத பெண் எலிகளுக்குக் கருத்தரிப்பதே இல்லை.

அதே வழியில் சைக்ளிக் ஜி.எம்.பி. என்ற சிறு மூலக்கூறும் முட்டைக்குள் வந்துகொண்டிருக்கும். அது வரும்வரை முட்டை பாதி முதிர்ந்த நிலையிலேயே காத்திருக்கும். கடைசி ஊசி, முட்டையை முதிரவைத்து வெளியேற்றும் எல்.எச். ஹார்மோனின் வேலையைச் செய்கிறது. ஊசி போட்டதும் சுற்றியுள்ள செல்களில் ஜி.எம்.பி. சரிந்து, முட்டைக்கு வருவதும் குறைகிறது; சந்திப்புகளும் மூடுகின்றன. தடை நீங்கி முட்டை முதிரத் தொடங்குகிறது. முதிர்ந்து முடிய ஒன்றரை நாள் ஆகும். தாமதித்தால் முட்டை இருக்கும் பை தானே வெடித்து, முட்டை வெளியேறிவிடும். ஆகவே 34 முதல் 36 மணி நேரத்துக்குள் எடுக்கிறார்கள். முன்னால் எடுத்தால் முதிராத முட்டை கிடைக்கும், பின்னால் போனால் எடுக்க முட்டையே இராது. ஊசி நேரம் தவறிவிட்டால் மறைக்காமல் உடனே மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். எடுக்கும் நேரத்தை மாற்றிக்கொள்ள முடியும்.

*

லூசிஃபர் எல்லோ சாயம் வைத்துக் கீறல் சோதனை செய்கிறேன். சில தட்டுகளில் சாயம் கீறலைத் தாண்டி நகரவே இல்லை. சிலவற்றில் எல்லாமே ஒளிர்கிறது. எங்கே தவறு?
– ஆய்வு மாணவர், சென்னை

செல் படலத்தைக் கீறி, கீறலில் நுழைந்த ஒளிரும் சாயம் சந்திப்பு வழியே எத்தனை செல் தாண்டிப் போகிறது என்று பார்ப்பதுதான் இது. சோதனை எளியதுதான்; ஆனால் கெடுவதற்கு இடங்கள் அதிகம். முறையாக ஒருமுறை சொல்லிவிடுகிறோம், எந்த இடத்தில் உங்கள் கை மாறுகிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

35 மில்லிமீட்டர் தட்டில் செல்கள் இடைவெளியே இல்லாமல் நிறைந்திருக்க வேண்டும். நிறைந்த அன்றே செய்யாமல் ஒரு நாள் விடுங்கள்; தொட்டுக்கொண்ட செல்கள் சந்திப்பு கட்டி முடிக்க நேரம் வேண்டும். வளர்ப்பு ஊடகத்தை எடுத்துவிட்டு, கால்சியமும் மக்னீசியமும் சேர்த்த பாஸ்பேட் உப்புக் கரைசலால் (பி.பி.எஸ்.) மூன்று முறை அலசுங்கள். இந்த இரண்டும் இல்லாத சாதாரண பி.பி.எஸ். ஊற்றினால் செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று கழன்றுவிடும். சாயம் நகராததற்குப் பல தட்டுகளில் இதுவே காரணம். அடுத்து, மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் லூசிஃபர் எல்லோ கரைத்த அதே உப்புக் கரைசலில் 1 மில்லிலிட்டர். அதோடு சிவப்பாக ஒளிரும் பெரிய மூலக்கூறான 10,000 டால்டன் ரோடமின் டெக்ஸ்ட்ரானும் கட்டாயம் சேருங்கள்.

கீறும் விதம் முக்கியம். வளைந்த விளிம்புள்ள புதிய அறுவைப் பிளேடை இழுக்காதீர்கள். ஒரு முனையை வைத்து மெல்ல உருட்டி எடுங்கள். இழுத்தால் செல் படலம் பாய்போலச் சுருண்டு கிழியும். கீறலின் இரு பக்கமும் செத்த செல்கள் அகலமாக நிற்கும். அறை வெப்பத்தில் 3 முதல் 5 நிமிடம் இருட்டில் விட்டு, பின்னணி ஒளி போகும்வரை நன்றாக அலசி, 4 சதவீத ஃபார்மலினில் நிலைநிறுத்திப் பாருங்கள்.

டெக்ஸ்ட்ரான்தான் உங்கள் சாட்சி. லூசிஃபர் எல்லோ 457 டால்டன், சந்திப்பு வழியே போகும், டெக்ஸ்ட்ரான் போகாது. சிவப்பு ஒளி கீறல் பட்ட வரிசையில் மட்டும் நின்று, மஞ்சள்-பச்சை ஒளி பல வரிசை தாண்டிப் போயிருந்தால் சோதனை சரி. சிவப்பும் கூடவே பரவியிருந்தால் அந்த செல்களின் சவ்வே பழுது. அந்தத் தட்டை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். 'எல்லாமே ஒளிர்கிறது' என்று நீங்கள் சொல்வது இதுவாகவோ, அலசல் போதாததாகவோ இருக்கும். ஊடகத்தின் சீரம் மிச்சம் இருந்தாலும் பின்னணி ஏறும்.

எல்லாம் சரியாகச் செய்தும் சாயம் நகரவில்லையா? செல் வகையைப் பாருங்கள். ஹீலா செல்களில் (ஆய்வகங்களில் வளர்க்கும் மனிதப் புற்றுநோய் செல்கள்) இயல்பாகவே சந்திப்பு மிகக் குறைவு. அதனாலேயே கனெக்சின் மரபணுவைப் புகுத்திப் பார்க்க அவற்றை எடுக்கிறார்கள். கனெக்சின் வகையும் முக்கியம். லூசிஃபர் எல்லோ எதிர்மின் சுமையுள்ளது. கனெக்சின் 30 குழாய் அதை விடாது, நேர்மின் சுமையுள்ள நியூரோபயோட்டினை விடும். ஒரே சாயம் நகரவில்லை என்பதை வைத்து 'தொடர்பே இல்லை' என்று எழுதுவது, மதிப்பீட்டாளர் முதலில் பிடிக்கும் தவறு.

ஒவ்வொரு முறையும் ஹெப்டனால் போட்ட தட்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்; அது சந்திப்பை மூடும், அலசினால் திறக்கும். படம் எடுக்கும்போது எல்லாத் தட்டுக்கும் ஒரே ஒளிவிடு நேரம். கீறலின் நடுப்பகுதியை அளவிடுங்கள், நுனிகளை விட்டுவிடுங்கள்.

*

அதிமதுரம் செல்களுக்கு நடுவே உள்ள வழியை அடைத்துவிடும் என்று படித்தேன். இருமலுக்குத் தினமும் கஷாயம் வைத்துக் குடிக்கிறேன். நிறுத்த வேண்டுமா?
– வாசகர், சிவகங்கை

படித்ததில் உண்மை இருக்கிறது, ஆனால் உங்கள் கஷாயத்துக்கு அது பொருந்தாது. அதிமதுரத்தின் இனிப்பு கிளிசிரைசின். குடலில் அது கிளிசிரெட்டினிக் அமிலமாக உடைகிறது. அந்த அமிலமும், அதிலிருந்து செய்த கார்பெனாக்சலோனும் இடைவெளிச் சந்திப்பை மூடக்கூடியவை; 1980-களிலிருந்து ஆய்வகங்களில் இதற்காகவே பயன்படுத்துகிறார்கள். அங்கே செல்கள் நேராக அந்தக் கரைசலிலேயே ஊறுகின்றன.

உங்களுக்குக் கவலை வேண்டியது வேறிடத்தில். அதே அமிலம் சிறுநீரகத்தில் கார்டிசால் என்ற ஹார்மோனைச் செயலிழக்கச் செய்யும் நொதியைத் தடுக்கிறது. விளைவு: உப்பும் நீரும் உடம்பில் தங்கும், பொட்டாசியம் வெளியேறும், ரத்த அழுத்தம் ஏறும். கார்பெனாக்சலோனை வயிற்றுப் புண்ணுக்கு மருந்தாகக் கொடுத்த காலத்திலும் இதே தொந்தரவுதான் வந்தது. ஐரோப்பிய அறிவியல் குழு 2003-இல் நாளொன்றுக்கு கிளிசிரைசின் 100 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்றது. வேரில் அதன் அளவு செடிக்குச் செடி மாறுவதால், வீட்டில் வைக்கும் கஷாயத்தில் எவ்வளவு என்று கணக்கிட முடியாது. இரண்டு மூன்று நாள் குடித்து நிறுத்துவதில் பெரும்பாலோருக்குத் தொல்லை இல்லை. தினமும் வாரக்கணக்கில் வேண்டாம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள், நீர் பிரியும் மாத்திரையோ டிஜாக்சின் என்ற இதய மருந்தோ சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள் தொடவே வேண்டாம். வாரக்கணக்கில் நிற்காத இருமலுக்குச் சளிப் பரிசோதனைதான் முதலில்.

*

உடம்பில் எல்லா செல்லுக்கும் இந்தச் சந்திப்பு உண்டா?
– ஒன்பதாம் வகுப்பு மாணவன், வேலூர்

பெரும்பாலான திசுக்களில் உண்டு. தனியாக நீந்தும் விந்தணுவுக்கும், ரத்தத்தில் ஓடும் முதிர்ந்த சிவப்பணுவுக்கும் கிடையாது. வளர்ந்தவர்களின் கைகால் தசை நார்களிலும் இல்லை. கருவில் இருக்கும்போது இருந்து, நரம்பு வந்து சேர்ந்ததும் மறைந்துவிடும். ஊசியில் நூல் கோக்க உனக்குச் சில நார்கள் மட்டும் சுருங்கினால் போதும், வாளி தூக்க நிறைய வேண்டும். எல்லா நார்களும் ஒன்றோடொன்று இணைந்திருந்தால் இந்தக் கட்டுப்பாடு கிடைக்காது. கருப்பைத் தசையில் நேர்மாறு: கர்ப்பம் முழுக்கச் சந்திப்புகள் மிகக் குறைவாக இருந்து, பிரசவம் நெருங்கும்போது பெருகுகின்றன, அப்போதுதான் முழுக் கருப்பையும் ஒன்றாக இறுக்கிக் குழந்தையை வெளியே தள்ள முடியும்.